பித்தளை மணக்காது

அன்று காலை சின்னமனூரில் அந்த வீட்டு வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் சுருளிவேல். பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர். கண்ணில் கோளாறு. இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் மனைவி பேச்சியம்மாள். கார் லைசென்சுக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தவறியவர். அன்று மூன்றாவது தடவை.

சுருளிவேலின் அக்கா. படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

கம்பத்திலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரி ஒரு ராவுத்தர். பேச்சியம்மாள் தவறினால் காரை வாங்கிப் போக வந்தவர்.

நான். பழனிசெட்டிபட்டியிலிருந்து மொபெட்டில் போன மெக்கானிக்.

கார் ஒன்று. வெள்ளைக் கலர், எண்ணூறு சிசி சின்ன வண்டி. நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் நாலு.

இத்தனை பேரை ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனை பேர் இருந்தும் நான் ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

என்னிடம் வேலை பழகுகிற தம்பிகளா, இக்னிஷன் பூட்டை எப்படி மாற்றுவது என்று இதில் இருக்காது. அது எழுதிக் காட்டுகிற வேலை இல்லை. எதைக் கழற்ற வேண்டும், எதை மாட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எப்போது கையை வைக்கக் கூடாது என்பதை மட்டும் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஐந்தாம் வகுப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003ஆம் வருஷம். சனிக்கிழமை ஆயுத பூஜை. ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. திங்கட்கிழமை பேச்சியம்மாளுக்கு டெஸ்ட். பன்னிரண்டு மணிக்குள் தேனியில் மைதானத்தில் வண்டியோடு நிற்க வேண்டும். பழகுநர் உரிமம் அந்த வாரத்தோடு முடிகிறது. தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குச் சுருளிவேல் தயாராக இல்லை. "இந்தத் தடவ பாஸானா வண்டி உனக்கு. இல்லாட்டி சாயங்காலமே ராவுத்தர் மாப்ளைக்கு" என்று சொல்லிவிட்டார். ராவுத்தரையும் வரச் சொல்லிவிட்டார். அவர் காலையிலேயே வந்துவிட்டார்.

முதல் இரண்டு தடவையும் பேச்சியம்மாள் டிரைவிங் ஸ்கூல் காரில் போனவர். அந்த சீட்டில் அவர் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. மூன்றாம் தடவை சொந்தக் காரில்தான் என்று பிடிவாதம் பிடித்தார். ஆறு மாதமாகத் தோட்டத்துப் பாதையில் அந்தக் காரிலேயே பழகியிருந்தார்.

விஜயதசமி அன்று வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்குவது வழக்கம். சுருளிவேல் எடுக்க விடவில்லை. "டெஸ்டுக்குப் போறப்ப அவளே நசுக்கட்டும்" என்றாராம். அதனால் இரண்டு நாள் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

திங்கட்கிழமை காலை சாவி உள்ளே போனது. திரும்பவில்லை. எனக்குப் போன் வந்தது.

நான் போய் இறங்கும்போது எட்டு மணி.

"வாங்கண்ணே" என்றார் பேச்சியம்மாள். சேலையைத் தூக்கிச் சொருகி, டெஸ்டுக்குத் தயாராக நின்றார். "உள்ள போகுது. அசைய மாட்டேங்குது."

"எப்படி அசையும்?" என்றார் சுருளிவேல். "பழகுறேன் பழகுறேன்னு முறுக்கி முறுக்கிப் பூட்டையே தேச்சுப்புட்டா."

"நான் ஆறு மாசம் முறுக்குனேன். மிச்சம் பத்து வருசம் முறுக்குனது யாராம்?"

"நான் எங்க முறுக்குனேன்? நான் திருப்புனேன்."

ராவுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "மாப்ள, வண்டி பாக்கத்தான் கூப்ட்டீக. வேடிக்கையும் சேத்துக் காட்டுறீகளே" என்றார்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நேரம் இருந்தது. நாலு மணி நேரம். ஆனால் நாலு பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்த்தால் கைக்கு ஒரு திமிர் வரும். உங்களுக்கும் வரும். வந்தால் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். சாவியின் தலையைப் பிடித்தேன். ஒரு திருப்பு.

டப்.

தலை பிளேயரில் இருந்தது. மிச்சம் பூட்டுக்குள் இருந்தது.

நாலு பேரும் பிளேயரைப் பார்த்தார்கள். பிறகு அக்கா பேசினார். "சோலி முடிஞ்சது."

"சாவி இல்லாத வண்டிக்கு வெல கொறையுமே மாப்ள" என்றார் ராவுத்தர்.

நான் முறிந்த சாவியைப் பார்த்தேன். முறிந்த இடத்துப் பக்கம் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது. பூட்டுக்குள் இருக்கிற பித்தளை தேய்ந்து உதிர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு நிற்கவில்லை. எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க, பித்தளையே கொட்டுது. தேஞ்ச பூட்டு. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு உடையத்தான் செய்யும்."

"நான் சொல்லல?" என்றார் சுருளிவேல்.

பேச்சியம்மாள் சேலைச் சொருகலை எடுத்துவிட்டார். "நான்தான் கெடுத்துட்டேனாண்ணே?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததும் ஒரு பதில்தான். அது எனக்கு அப்போது தெரியும். இருந்தும் சொல்லவில்லை.

இனி பூட்டை மாற்றினால்தான் உண்டு. பீரோவில் இன்னொரு சாவி இருந்தது. உள்ளே துண்டு மாட்டியிருக்கும்போது அதை எங்கே போடுவது? வயரைப் பிணைத்தும் கிளப்பலாம். ஆனால் ஸ்டியரிங் பூட்டிக் கிடந்தது. முன்சக்கரம் இடது பக்கம் திரும்பி நின்றது. வண்டியைக் கிளப்பினால் அந்த வாசலையே சுற்றிச் சுற்றி வரலாம். தேனிக்குப் போக முடியாது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். பூட்டைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட். திருடன் கழற்றக் கூடாது என்று கம்பெனியிலேயே தலையை முறித்துவிடுகிற போல்ட். தலை இல்லாததைத் தட்டித் தட்டித்தான் திருப்ப வேண்டும். தட்டினேன். பார்த்தவர்களுக்குச் சலித்துப்போய் எல்லாரும் இட்லி சாப்பிட உள்ளே போனார்கள். ஒன்பதேகாலுக்குப் பூட்டு கையில் வந்தது.

புதுப் பூட்டு தேனியில்தான் கிடைக்கும். என் மொபெட்டில் போய்த் திரும்புவதற்குள் பன்னிரண்டு அடித்துவிடும். ராவுத்தர் ஏப்பம் விட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"ஜீப்புல ஏறுங்கண்ணே. நான் கூட்டிட்டுப் போறேன்."

ராவுத்தருடைய ஜீப்பில் சீட்டுக்கு வெள்ளைத் துணி போட்டிருக்கும். என் கையோ கருப்பு. அவர் ஜீப்பைத் திருப்பப் போனார். வாசலில் யாரும் இல்லை. இடது பக்க முன் டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கீறிப் பிழிந்து, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டேன். தோலைச் செடிப் பக்கம் எறிந்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஜீப்பில் ஏறியதும் ராவுத்தரிடம் கேட்டேன். "அவுக தோத்தா வண்டி உங்களுக்கு. நீங்களே எதுக்கு ஓடி ஓடி உதவுறீக?"

"ஓட்டித் தோத்தா தோல்வி. ஓட்டாமத் தோத்தா அது என்ன தோல்வி? அப்படி வாங்குன வண்டில நான் ஏறி உக்காந்தா அந்தத் தாயி மொகந்தான கண்ணாடில தெரியும்."

அப்புறம் கையை நீட்டினார். "அந்த ஒடஞ்சத இங்கன குடுங்க."

கொடுத்தேன். ஒரு கை ஸ்டியரிங்கில். ஒரு கையில் சாவித் தலை. ஏலக்காய் வியாபாரி எதைக் கையில் வாங்கினாலும் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். கொண்டுபோனார். ஜீப்பின் வேகம் குறைந்தது.

"அண்ணே, பித்தளை மணக்குமா?"

"பித்தளை எங்க மணக்கும்?"

"இது மணக்குதே."

வாங்கி முகர்ந்தேன். சந்தனம்.

வீரபாண்டி தாண்டும்வரை மறுபடி மறுபடி முகர்ந்துகொண்டே வந்தேன்.

"சந்தனம் எப்படிண்ணே பூட்டுக்குள்ள போகும்?" என்று கேட்டார் அவர். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு ஸ்பானருக்கும், கம்ப்ரசருக்கும், கல்லாப்பெட்டிப் பூட்டுக்கும் சந்தனம் வைக்கிறவன் நான். காருக்குப் பொட்டு வைத்தால் சாவித்துளைக்கும் ஒன்று வைப்போம். வருஷா வருஷம் பார்ப்பதால் அது கண்ணில் படுவதே இல்லை. பொட்டு வைக்காத வீட்டிலிருந்து வந்த மனுஷர் மோந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

பூட்டு தேயவில்லை. உள்ளே இருக்கிற தகடுகளில் சந்தனம் இறங்கி, இரண்டு நாளில் காய்ந்து, சிமெண்டு மாதிரி பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். மருந்துக் கடை சிரிஞ்சில் நாலு சொட்டு வெதுவெதுப்பான தண்ணீர். சைக்கிள் பம்பால் காற்று. கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருத்தல். திரும்பியிருக்கும். கட்டிங் பிளேயர் பைக்குள்ளேயே இருந்திருக்கும்.

"கடைசியா என்ன செஞ்சீக?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

புதுப் பூட்டும் இரண்டு சாவியும் வாங்கித் திரும்பும்போது பத்தரை. மாட்டி முடிக்கப் பதினொன்று ஆகிவிட்டது. கதவுக்குப் பழைய பூட்டு. அதனால் இனி அந்தக் காருக்கு இரண்டு விதச் சாவி. பீரோவில் இருந்த பழைய சாவி கதவுக்கு. புதுச் சாவி ஓட்ட. இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கும்போது சாவிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

சுருளிவேல் பார்த்துவிட்டார். "பாத்து. இதையும் முறுக்கிப்புடாத."

பேச்சியம்மாள் சாவியை இரண்டு விரலால் பிடித்தார். சுடுகிற பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி.

இந்த இடத்தில் நான் யோசித்தேன். இப்போது சொல்வதா, டெஸ்ட் முடிந்து வந்த பிறகு சொல்வதா? இப்போது சொன்னால் நேரம் போகும். என் பேர் கெடும். வாசலில் சண்டை வரும். சொல்லாவிட்டால்? தன் கை பட்டால் பூட்டு உடையும் என்று நினைக்கிற மனுஷி, கிளட்சையும் கியரையும் எப்படித் தொடுவார்? மூன்றாவது தடவையும் வண்டி நின்றுவிடும். அதற்குக் காரணம் காராக இருக்காது. நானாக இருப்பேன்.

"பூசையில சாவித்துளைக்குச் சந்தனம் வச்சது யாரு?" என்று கேட்டேன். மூன்று மணி நேரம் தாமதமாக.

சுருளிவேல் திராட்சைத் தோட்டம் இருக்கிற திசையைப் பார்த்தார். அங்கிருந்து தோட்டம் தெரியாது.

படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏலே சுருளி, வாயத் தொறக்குறது. தீக்குச்சில தொட்டுத் தொட்டு உள்ளுக்குள்ள குத்திக் குத்தி வச்சியேடா."

"அக்கா, நீ சும்மா இரு."

"'இந்தத் தடவையாச்சும் அவ பாஸாகணும், வண்டிக்கு உள்ள வரைக்கும் போய்ச் சேரட்டும்'னு சொல்லிச் சொல்லி வச்சியே. அப்ப நான் எங்க இருந்தேன்? இங்கனதான் இருந்தேன்."

ராவுத்தர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தார். "எனக்காகவா வச்சீக?"

"உனக்கு எதுக்கு வைக்கிறேன்? வண்டிக்கு வச்சேன்."

"இத காலைலயே சொல்லக் கூடாதா தாயி?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"என்னைய யாருப்பா கேட்டீக?" என்றார் அவர். வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

சுருளிவேல் மாட்டிக்கொண்டார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே நழுவியிருக்கலாம். பூட்டு அடைத்துக்கொண்டது அவரால். சாவி உடைந்தது அது தேய்ந்ததால் என்றே இருந்துவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நேரத்தில் வாய் தானாகத் திறக்காது. பிடித்துத் திறக்க வேண்டும்.

"அடைச்சது அவரு. ஒடச்சது நான்" என்றேன். "பூட்டு தேயல. சாவியும் தேயல. ஊற வச்சிருந்தா கால் மணி நேரத்துல தெறந்திருக்கும். நான்தான் கேக்காமக் கொள்ளாம பிளேயரப் போட்டேன். பித்தளைனு சொன்னதும் பொய்யாப் போச்சு. அது சந்தனம்."

"அப்ப நான் முறுக்கலையாண்ணே?"

"இல்ல தாயி. நீங்க திருப்புனீக. முறுக்குனது நான்."

பேச்சியம்மாள் சேலையை மறுபடி சொருகிக்கொண்டார். அந்த ஒரு செய்கையில் எனக்கு மூச்சு வந்தது.

பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். சுருளிவேலுக்குக் கண் சரியில்லை. ராவுத்தர் ஏறினார். "வாங்கப் போற வண்டி. எப்படி ஓடுதுன்னு பக்கத்துல இருந்து பாக்க வேணாமா?" என்றார்.

புதுச் சாவி திரும்பியது. வண்டி உறுமியது. ஸ்டியரிங்கை நேராக்கினார். கிளட்சை நிதானமாக விட்டார். கார் பழங்களின் மேல் ஏறி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. மணி பதினொன்றேகால்.

வாசலில் மூன்று பேர் மிஞ்சினோம். நான் சாமான்களைத் துடைத்துப் பையில் போட்டேன். சுருளிவேல் கார் நின்ற இடத்தில் குனிந்து நின்றார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"மூணுதான நசுங்கியிருக்கு" என்றார்.

துடைக்கிற துணி என் கையிலேயே நின்றுவிட்டது.

"ஒரு பழத்த விட்டுட்டா. நேரா ஓட்டல. சக்கரம் வெலகியிருக்கு." அவர் குரல் மாறியிருந்தது. கேலி இல்லை. "வாசல்லயே வெலகினவ மைதானத்துல என்ன செய்வா? போச்சு. மூணாந் தடவையும் போச்சு."

உருண்டு ஓடியிருக்கும் என்று தேட ஆரம்பித்தார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு செடி செடியாகத் தடவினார். ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். தெருவில் இறங்கிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. சாவித்துளைக்குள் சந்தனம் குத்தியது எதற்காக என்று அந்தத் தேடலைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

ஒரு தப்பை ஒத்துக்கொண்ட அன்றைக்கே இன்னொன்றை ஒத்துக்கொள்வது கஷ்டம் தம்பிகளா. முதல் தடவை பெரிய மனுஷன் மாதிரி இருக்கும். இரண்டாம் தடவை திருடன் மாதிரி இருக்கும்.

"தேட வேணாம்" என்றேன். "அந்தப் பழம் என் கைக்குப் போச்சு."

"எந்தக் கைக்கு?"

"கிரீஸ் போறதுக்கு. நீங்க இட்லி சாப்புடயில. அவுக நேராத்தான் ஓட்டுனாக. அந்தச் சக்கரத்துக்கு முன்னால பழமே இல்ல."

செடிப் பக்கம் போய்த் தோலை எடுத்துக் காட்டினேன்.

அவர் தோலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அந்த வாசலிலேயே சுத்தமாக இருந்தது என் கைதான்.

"சாமிக்கு வச்ச பழத்துல கை கழுவுற மெக்கானிக்க நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் அக்கா.

சுருளிவேல் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். வயிறு குலுங்க ஆரம்பித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப நேராத்தான் போனாளா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. மூன்று பேரும் வாசலிலேயே சாப்பிட்டோம். இரண்டரை மணிக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு மூன்று தடவை. முதலில் இறங்கியவர் ராவுத்தர்.

"மாப்ள, வண்டி எனக்கு இல்ல" என்றார். தோற்றவர் முகம் மாதிரி இல்லை.

அவர்தான் மைதானத்தில் நடந்ததைச் சொன்னார். ஓட்டிக் காட்டியாயிற்று. பின்னால் எடுத்தும் காட்டியாயிற்று. அதிகாரி வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னாராம். பேச்சியம்மாள் அவசரத்தில் கதவுச் சாவியைப் போட்டுவிட்டார். திரும்பவில்லை.

"எனக்கு உசுரே போச்சு" என்றார் ராவுத்தர். "ஆனா அவுக முறுக்கல. கைய எடுத்தாக. சாவிய வெளிய எடுத்து என்ன சாவின்னு பாத்தாக. அடுத்ததப் போட்டாக. கெளம்பிருச்சு. 'என்னம்மா ரெண்டு சாவி'னு அதிகாரி கேட்டாக. 'பூட்டு புதுசுய்யா, நான் பழசு'ன்னாக. அந்தாளு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாரு."

காலையில் நான் செய்திருக்க வேண்டியதை மத்தியானம் பேச்சியம்மாள் செய்திருக்கிறார். திரும்பாவிட்டால் கையை எடு. வெளியே எடுத்துப் பார். அவ்வளவுதான் தொழில். மற்றதெல்லாம் போல்ட்.

பேச்சியம்மாள் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிப் புருஷனிடம் நீட்டினார்.

"இது எதுக்கு?"

"கதவுக்கு. தெறந்து உக்காந்துக்கிருங்க. வாரா வாரம் கண்ணாஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அடுத்த பூசைக்குச் சந்தனத்த எங்க வேணாலும் வைங்க. தீக்குச்சிய மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க."

அப்புறம் என்னிடம் திரும்பினார். "ஏண்ணே, நான் நாலையும் நசுக்கினேனா?"

சுருளிவேல் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். வாசலில் மறுபடியும் எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

மறுபடியும் சொன்னேன்.

அன்று நான் மாற்றிய பூட்டு ஒன்று. ஒத்துக்கொண்ட தப்பு இரண்டு.